நண்டு பிடிக்கப் பழகிய பகல்

தண்ணீருக்குள் கிடக்கிற கயிற்றுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று தவமலர் நினைத்திருக்கவில்லை. மிதவையைக் கொக்கித் தடியால் எட்டி இழுத்துக் கையில் தந்ததோடு யோகாவின் வேலை முடிந்துவிட்டது. "மிச்சத்தை நீங்களே இழுங்கோ மச்சாள், பழகத்தானே வந்தனீங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் சின்ன வள்ளத்தின் மற்ற ஓரத்தில் போய் இருந்துகொண்டாள். ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் சாய்ந்தால் வள்ளம் கவிழுமாம். பழகவா வந்தேன் என்று தவமலர் யோசித்தாள். பழகவெல்லாம் வரவில்லை. தம்பி தயாபரன் மூன்று நாளைக்கு ஒரு வீட்டுப்படகை வாடகைக்கு எடுத்துவிட்டு, அக்கா நீங்கள் வந்தே ஆகவேணும், இல்லாட்டி நாங்களும் போகேல்லை என்று மனைவி யோகாவையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, இல்லை என்று சொல்வதற்குத் தேவையான தெம்பு இல்லாததால் வந்தது. ஓம் என்பதைவிட இல்லை என்பதற்குத் தெம்பு கூட வேண்டும். ஏன் எதற்கு என்று பத்துக் கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டும். ஓம் என்றால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கயிறு பாசி பிடித்து வழுக்கியது. ஒரு முழம் இழுத்தாள், நின்று மூச்சு வாங்கினாள், இன்னொரு முழம். வெயில் முதுகின் நடுவில் ஏறியிருந்தது. பதினொரு மணி இருக்குமோ. பதினொரு மணிக்கு மஞ்சள் குளிசை ஒன்று, வெள்ளையில் பாதி. வெள்ளையை நசுக்கி வாழைப்பழத்துக்குள் வைக்க வேண்டும், மஞ்சளை நசுக்கக் கூடாது. எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கோப்பையை இடது பக்கம் வைக்க வேண்டும் என்று எழுதினாளா? வலது பக்கம் வைத்தால் அவருக்கு அது தெரியாது. கோப்பை ஒன்று அங்கே இருக்கிறதென்றே தெரியாது. தாகமாய் இருக்கும், ஆனால் தாகம் என்று சொல்லத் தெரியாது. இடது பக்கம். எழுதினேனா. "மச்சாள், விட்டிடாதேங்கோ, கயிறு திரும்பவும் கீழ போகுது" என்றாள் யோகா.

கணவரை நேற்று, வியாழக்கிழமை காலை, கொண்டுபோய் விட்டது. மூன்று நாளைக்கு மட்டும். பராமரிக்கிறவர்களும் இளைப்பாற வேண்டும் என்று இந்த நாட்டில் அதற்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில், சாப்பாடு, குளிப்பாட்டுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவருக்கு நினைவு தப்பத் தொடங்கிய இந்த ஏழு வருடத்தில் அதை அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. பரமானந்தம் மாஸ்டரைக் கைப்பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனபோது அவர் வாசலில் நின்று, நீலக் கம்பளத்தைத் தண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ, கால் வைக்க மாட்டேன் என்றார். கால்விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பத்து நிமிடம். பிறகு அங்கே வேலை செய்கிற ஒரு பெட்டை வந்து சிரித்துக்கொண்டு மற்றக் கையைப் பிடித்ததும் சட்டென்று நடந்து போனார், திரும்பிப் பார்க்காமல். அந்தப் பத்து நிமிடமா, அந்தத் திரும்பிப் பார்க்காததா, எது நெஞ்சில் கிடந்து குத்துகிறது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வரும்போதுதான் பொறுப்பாளர் அம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: நிரந்தரக் கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது. உங்கள் விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பம் போட்டது அவளுக்கே மறந்திருந்தது. மறந்திருந்தது என்று சொல்ல முடியாது. குசினி மேசை லாச்சிக்குள் ஒரு உடைந்த மணிக்கூடு கிடப்பதுபோல் அது அங்கேயே கிடந்தது, லாச்சியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது, எறியவும் இல்லை எடுக்கவும் இல்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தயாவிடம் சொல்லவில்லை. யோகாவிடம் சொல்லவில்லை. நேற்று இரவு முழுக்கப் படகின் அந்த ஒடுக்கமான கட்டிலில் கிடந்து, லண்டனில் இருக்கிற மகளிடமாவது சொல்லலாமோ என்று பார்த்தாள். மகள் என்ன சொல்லுவாள் என்று தெரியும். உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்யுங்கோ அம்மா. எவ்வளவு அன்பான வசனம். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

கூடு மேலே வந்தது. வட்டமான வலைக்கூடு, நடுவில் கம்பியில் கட்டிய மீன் தலை பாதி தின்னப்பட்டு வெளுத்துப்போய்த் தொங்கியது, அதைச் சுற்றி மூன்று நண்டு. நீலக்கால் நண்டு. ஊரில் பார்த்ததுதான், சந்தையில் கூடைக்குள் கால் கட்டி, உயிர் போகிற நிலையில், ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்கும். இவை அப்படி இல்லை. கூடு தண்ணீரை விட்டதும் மூன்றுக்கும் வெறி பிடித்தது, வலையைக் கிழித்துவிடுவது போல் கடகடவென்று ஓடின. தவமலர் பின்னுக்குச் சாய்ந்தாள், வள்ளம் ஆடியது. யோகா சிரித்தாள். யோகாவுக்கு இது நாலு வருடப் பழக்கம், அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரி பழக்கி விட்டது. "பயப்பிட ஒண்டுமில்லை. அதுக்கு முன்னாலயும் பக்கத்தாலயும் கை எட்டும், பின்னால எட்டாது. பின்னால இருந்து போங்கோ. கடைசிக் காலிருக்கெல்லே, துடுப்பு மாதிரி, அதுக்குக் கிட்டப் பெருவிரலைக் கீழயும் மற்ற விரலை மேலயும் வைச்சு இறுக்கிப் பிடிக்கோணும். அரைகுறையாப் பிடிச்சால்தான் கடிக்கும்." ஒன்றைத் தூக்கி, மல்லாத்திக் காட்டினாள். வெள்ளை வயிறு. அதில் ஒரு மூடி, கடித உறையின் மூடிபோல். "இது ஒடுக்கமாக் கூராய் இருந்தால் ஆண். அகலமா வட்டமா இருந்தால் பெண். பெண்ணை வைச்சிருக்கேலாது இஞ்ச, சட்டம். திருப்பி விடோணும்." அளவு பார்க்கிற பிளாஸ்ரிக் துண்டை முதுகில் வைத்தாள், சரியாக இருந்தது, ஆண், வாளிக்குள் போனது. இரண்டாவதை மல்லாத்தினாள். அகலமான மூடி. அதைத் தண்ணீருக்கு மேலே ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு விரலை விரித்தாள், சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. தவமலர் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பச்சையாய் இருந்தது, கண்டல் மரங்களின் நிழல் விழுந்த இடத்தில் கறுப்பாய். இந்த ஓடைக்குள் போன் வேலை செய்யாது என்று தயா காலையில் சொன்னான். ஓடையின் வாய்க்கு வெளியே போனால்தான் சிக்னல். அப்படியென்றால் இப்போது இல்லத்திலிருந்து போன் எடுத்தாலும் தெரியாது. விழுந்துவிட்டார் என்று எடுத்தாலும் தெரியாது. தெரியாது என்பது ஒரு கணம், ஒரே ஒரு கணம், குளிர்ந்த காற்றுப் போல் கழுத்தில் பட்டது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

"மூண்டாவதை நீங்கள் எடுங்கோ" என்றாள் யோகா. நீட்டுக் கைச் சட்டையின் கைகளை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டாள் தவமலர், ஈரமாகிவிடும் என்ற ஒரே எண்ணத்தில், வேறு ஒன்றையும் யோசிக்காமல். கூட்டுக்குள் கையை விட்டாள். பின்னால இருந்து, பின்னால இருந்து. ஆனால் நண்டு நின்றால்தானே பின்னால் என்பது ஒரு இடம். அது திரும்பிக்கொண்டே இருந்தது, எங்கே போனாலும் முகத்தைத்தான் காட்டியது. இரண்டு கண்ணும் தண்டில் எழும்பி அவளைப் பார்த்தன. அரைகுறையாய்த்தான் பிடித்தாள். கை எடுக்க முதலே நடுவிரலில் பிடித்துவிட்டது. சத்தம் வரவில்லை அவளுக்கு. வலி வந்த வேகத்தில் தோள்வரை ஏறியது, கையை உதறினாள், இழுத்தாள், இழுக்க இழுக்க அது இறுக்கியது. "இழுக்காதேங்கோ! மச்சாள், இழுக்காதேங்கோ, இன்னும் இறுக்கும். கையோட தண்ணிக்குள்ள விடுங்கோ, பேசாமல் வைச்சிருங்கோ, தானா விடும்." யோகா அவளுடைய கையை நண்டோடு சேர்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். பேசாமல் வைத்திருப்பது எப்படி. வீட்டில், அவரைக் குளிப்பாட்டிய அன்றைக்கும் தண்ணீர்தான். குளியலறை, பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தி, முதுகுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடிப்பது புதிதல்ல. எட்டு மாதமாகப் பிடிக்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, பிடித்திருப்பதே தெரியாது, மூளையிலிருந்து விடு என்ற கட்டளை கைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று டொக்டர் சொன்னார். அன்றைக்கு இருபது நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. வெந்நீர் ஆறியது. அவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது, சவர்க்கார நுரை முதுகில் காய்ந்தது, துவாய் எட்டாத தூரத்தில். விடுங்கோ என்றாள். விடுங்கோப்பா, குளிருது உங்களுக்கு என்றாள். பிறகு கத்தினாள். பிறகு மற்றக் கைக்கு எட்டிய சீப்பை எடுத்து, அந்த மரச் சீப்பின் முதுகால், அவருடைய விரல் மொளி எலும்பில் அடித்தாள். ஒருதரம் இல்லை. மூன்று தரம், நாலு தரம். கை விட்டது. அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில், முப்பது வருடம் வாத்தியாராய் இருந்து பிள்ளைகளிடம் கேட்ட அதே குரலில், "இனிச் செய்யமாட்டன்" என்றார். தண்ணீருக்குள் விரலில் இருந்த இறுக்கம் போய்விட்டிருந்தது. எப்போது விட்டது என்றே தெரியவில்லை. நண்டு போய்விட்டது. விரலிலிருந்து சிவப்பு நூல்போல் இரத்தம் தண்ணீரில் நெளிந்தது.

அவரைத் தண்ணீருக்குள் விட்டிருக்கலாமோ. வாளிக்குள் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால். பைத்தியம், அவர் நண்டில்லை. இப்படித்தான் மூளை, களைத்துப்போன மூளை, எதை எதோடோ கொண்டுபோய் முடிச்சுப் போடும். யோகா இரத்தத்தைத் துடைத்து, சின்னப் பெட்டியிலிருந்து பிளாஸ்ரர் எடுத்துச் சுற்றினாள். சுற்றி முடித்த பிறகும் கையை விடவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே மஞ்சளும் ஊதாவுமாய் நாலு விரல் அகலத்துக்கு இருந்தது, பழையதன்மேல் புதியது. "இது நண்டு கடிச்சதில்லையே மச்சாள்" என்றாள் மெதுவாக. "கதவு அடிச்சது" என்றாள் தவமலர். எவ்வளவு கேவலமான பொய். மணிக்கட்டைச் சுற்றி எந்தக் கதவு அடிக்கும். யோகா சட்டைக் கையை முழங்கையிலிருந்து மெல்ல இறக்கி, மணிக்கட்டுவரை இழுத்து, பொத்தானைப் பூட்டிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பூட்டுவது போல. பிறகு வள்ளத்தை அடுத்த மிதவைக்கு விட்டாள். பூட்டிய பொத்தானைத் தவமலர் விரலால் தடவிப் பார்த்தாள். அழுகை இல்லை. அழுகைக்கும் ஒரு தெம்பு வேண்டும். யாரும் தனக்குப் பொத்தான் பூட்டி எத்தனை வருடம். அவளல்லவா பூட்டுகிறவள், ஒரு நாளைக்கு ஆறு பொத்தான், கழுத்துப் பொத்தானை விட்டுவிட வேண்டும், இறுக்கினால் கத்துவார். அதை எழுதினேன். அது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கோப்பை இடது பக்கம் என்பதைத்தான் எழுதவில்லை, இப்போது நிச்சயமாகத் தெரிகிறது, எழுதவில்லை.

இரண்டாவது கூட்டில் ஒன்றுமில்லை, இரை மட்டும் போயிருந்தது. மூன்றாவதை இழுக்கும்போதே பாரம் வேறு மாதிரி இருந்தது. ஐந்து. "நான் தொடமாட்டன், நீங்கள்தான்" என்று யோகா கையைக் கட்டிக்கொண்டாள். கடிபட்ட விரல் துடித்துக்கொண்டிருந்தது. தவமலர் கூட்டைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. அவசரப்படத் தெம்பில்லை, அதுவே நல்லதாய்ப் போனது. பார்த்துக்கொண்டிருக்க, அவை ஓடி ஓடி ஒவ்வொன்றாய் மூலையில் ஒதுங்கி நின்றன, முகத்தை வலைக்குள் புதைத்துக்கொண்டு. அப்போது பின்பக்கம் இருந்தது. பெருவிரல் கீழே, மற்றவை மேலே, இறுக்கி. தூக்கினாள். நண்டின் இரண்டு கையும் காற்றில் அகல விரிந்து ஒன்றையும் எட்டாமல் அலைந்தன. உள்ளங்கையில் அதன் உயிர் அதிர்ந்தது. மல்லாத்தினாள், ஒடுக்கமான மூடி, அளந்தாள், வாளி. அடுத்தது. அகலமான மூடி, தண்ணீர். அடுத்தது அளவுக்குக் கொஞ்சம் குறைவு. இழுத்துப் பிடித்தால் சரிவரும்போல் இருந்தது. "அது அளவு காணாது மச்சாள், விடுங்கோ" என்றாள் யோகா. "காணுமப்பா, இஞ்ச பார், தொடுது" என்றாள் தவமலர். "தொடேல்லை." "தொடுது எண்டுறன், உமக்குக் கண் தெரியேல்லை." இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அந்தப் பிளாஸ்ரிக் துண்டைக் குனிந்து பார்த்தார்கள், நண்டு இடையில் கிடந்து நுரை உமிழ்ந்தது, தவமலர் சிரித்துவிட்டாள். தொடவில்லைதான். விட்டாள். நாலாவது, ஐந்தாவது, இரண்டும் வாளி. கூட்டைக் கழுவி, புது மீன் தலை கட்டி, கயிறு சிக்காமல் வளையம் வளையமாய் விட்டு, திருப்பி இறக்கினாள். கை நாறியது, சேலைக்குப் பழகிய உடம்பில் தயாவின் பழைய காற்சட்டை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியது. நிமிர்ந்தபோதுதான் ஒன்று விளங்கியது. இந்தக் கூட்டின் கயிற்றை இழுக்கத் தொடங்கியதிலிருந்து இதுவரை, கால் மணித்தியாலம் இருக்கும், கூடவும் இருக்கலாம், அவரை நினைக்கவில்லை. குளிசையை, கோப்பையை, அந்த விரல் மொளியை, ஒன்றையும் நினைக்கவில்லை. ஏழு வருடத்தில் நித்திரையில்கூட அப்படி ஒரு கால் மணித்தியாலம் வந்ததில்லை, நித்திரையிலும் ஒரு காது முழித்திருக்கும். எங்கே போயிருந்தார் அவர் இவ்வளவு நேரமும்? செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ. அந்த நினைப்பு வந்ததும் வள்ளத்தின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் செத்துப்போக வேண்டும் என்று நினைத்ததுண்டு. ஒருதரம் இல்லை. விடியற்காலையில், ஈரப் படுக்கைத் துணியை மூன்றாம் முறை மாற்றும்போது, கடவுளே இவரை எடு என்று, வாய்விட்டே. பிறகு அவருடைய கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, ஊதி ஆற்றி, வாயில் வைத்தாள். இரண்டும் ஒரே கைதான். சீப்பை எடுத்ததும் இந்தக் கைதான்.

வீட்டுப்படகுக்குத் திரும்பியபோது தயா வாளியை வாங்கிப் பார்த்து, "நாலு! அக்கா பிடிச்சதோ?" என்று சத்தம் போட்டான். ஐம்பத்தெட்டு வயதிலும் சந்தோசம் வந்தால் குரல் கீச்சென்று போகும். பெருக்குத் தண்ணீர் குறையுமுன் ஓடை வாயைத் தாண்ட வேண்டும் என்று நங்கூரத்தை எடுத்து எஞ்சினை ஓடவிட்டான். யோகா நண்டை உடைத்துக் கழுவ, தவமலர் உள்ளி உரித்தாள். உரித்துக்கொண்டே தம்பியின் முதுகைப் பார்த்தாள். நல்லவன். ஆனால் போன வருடம், கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, யாரோ ஒருவர் தாயைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்ட கதை வந்தது, இவன்தான் சொன்னான்: "பெத்த தாயைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ர கையில குடுத்திட்டு இவனுக்கு எப்பிடிச் சோறு இறங்குது?" எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். தலையாட்டிக்கொண்டு நின்றபோது அவளுடைய விண்ணப்பம் ஒரு வருடமாகப் போய்க் கிடந்தது. நாளைக்கு அதே வரிசையில் அவளைப் பற்றிக் கதைப்பார்கள். மாஸ்டரை விட்டிட்டாவாம். ஏழு வருசம் பாத்தவ, இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம். அந்த இன்னும் கொஞ்சம். அது எவ்வளவு என்று அவர்களைக் கேட்க வேண்டும். ஒரு வருடமா, ஒரு இரவா, ஒரு குளிப்பாட்டா. அடுத்த முறை கைக்கு எட்டுவது சீப்பாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால்? அதுதான். சுற்றிச் சுற்றி வந்து அங்கேதான் வந்து நிற்கிறது. களைப்பு இல்லை, சனம் இல்லை, தயா இல்லை. அவளுக்குத் தன் கையில்தான் பயம். இவ்வளவு நாளும் அதை ஒரு வசனமாய் நினைத்துப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு வேலையும். நினைத்த பிறகு அது சின்னதாய் இருந்தது. சின்னதாய், பச்சையாய், முன்னால் கிடந்தது. அடுப்பில் கறி கொதிக்கத் தொடங்கியது. சட்டைப் பைக்குள் போன் ஒருதரம் அதிர்ந்தது, சிக்னல் வந்துவிட்டது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கை கழுவிக்கொண்டு படகின் பின்பக்கம் போய், எஞ்சின் சத்தத்துக்கு மற்றக் காதைப் பொத்திக்கொண்டு இல்லத்துக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் எடுத்தது சபினா என்ற நேபாளப் பெட்டை, நேற்றுக் காலை சிரித்துக்கொண்டு மற்றக் கையைப் பிடித்தவள். நல்லாய் இருக்கிறார், பின்னேரம் யன்னலடியில் இருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டார் என்றாள். கோப்பை, என்றாள் தவமலர், கோப்பையை இடது பக்கம் வைக்க வேண்டும், எழுத மறந்துவிட்டேன். தெரியும் என்றாள் சபினா. நேற்றே கண்டுபிடித்துவிட்டோம், வலது பக்கம் இருக்கிறதை அவர் பார்ப்பதில்லை. பிறகு, ஒன்று கேட்கவேண்டும், என்னை மலர் மலர் என்று கூப்பிடுகிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். தவமலர் தண்ணீரைப் பார்த்தாள், படகின் பின்னால் இரண்டாய்ப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பூ என்றாள். பூ என்று அர்த்தம். என்னுடைய பெயர் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டை எவ்வளவு சந்தோசமாய் ஓ என்றாள். பொறுப்பாளர் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அந்த அம்மா வந்து, யோசித்தீர்களா என்று கேட்டாள். அந்தக் கட்டில் எங்களுக்கு வேண்டும் என்றாள் தவமலர். சொல்ல வேண்டுமென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த விளக்கம் ஒன்றையும் அந்த அம்மா கேட்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், கையெழுத்துப் போட, அவருடைய உடுப்பும் படங்களும் கொண்டுவாருங்கள் என்றாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. மறுபடி சபினா வந்து, அவரிடம் கொடுக்கட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மூச்சுக் கேட்டது. அவருடைய மூச்சு, மூக்கில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு. "நான்தான்" என்றாள். மூச்சு. "நான்தானப்பா." பிறகு, தெளிவாய், தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுக் கேட்கிற குரலில், "இஞ்சரும், நீர் சாப்பிட்டனீரோ?" என்றார். அவள் போனைக் காதோடு அமுக்கினாள். என்னைத்தான் கேட்டாரா. அல்லது பக்கத்தில் தட்டோடு நிற்கிற அந்தப் பெட்டையைக் கேட்டாரா. யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தானே இப்போது. "இன்னும் இல்லை" என்றாள். "சாப்பிடும்" என்றார். போன் எங்கேயோ வைக்கப்படுகிற சத்தம், தூரத்தில் சபினாவின் சிரிப்பு, அவ்வளவுதான். இல்லை, அந்தக் கட்டில் வேண்டாம், மாற்றிவிட்டேன் என்று திருப்பி எடுத்துச் சொல்லலாம். நாலு மணிக்கு இன்னும் அறுபத்தைந்து நிமிடம் இருக்கிறது. இந்த ஒரு வசனத்துக்காக அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடலாம். ஓடினால் நாளைக்கு அவர் யார் நீர் என்று கேட்பார், மணிக்கட்டைப் பிடிப்பார். திருப்பி எடுக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டாள்.

திரும்பியபோது தயாவும் யோகாவும் மேசையில் சோறு போட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்கள், தயா சுக்கானைக் கட்டிவிட்டு எஞ்சினை மெதுவாய் விட்டிருந்தான். "அத்தானை அங்கயே விடப்போறன்" என்றாள் தவமலர், நின்றபடியே, எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக. "கட்டில் கிடைச்சிருக்கு. ஓமெண்டு சொல்லிப்போட்டன்." தயா வாய் திறந்தான். அவள் சட்டைக் கைப் பொத்தானைத் தானே கழற்றி, கையை மேலே சுருட்டி, மணிக்கட்டை மேசைக்கு மேலே வைத்தாள். "இது அவர். அவரில பிழையில்லை. நானும் அவருக்கு அடிச்சுப்போட்டன், தயா. சீப்பால." தயா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முகம் சிவந்து, சின்ன வயதில் பேச்சு வாங்கினால் நிற்பதுபோல் தாடை கீழே போனது. யோகா அவனை ஒருதரம் பார்த்தாள், கடுமையாய். "எப்ப கையெழுத்து?" என்று கேட்டான் கடைசியாக. "திங்கள்." "நான் லீவு போடுறன்" என்றான். "நானும் வாறன். அத்தான்ர புத்தகங்கள் பாரம், தனியத் தூக்கேலாது உங்களால." குரல் கீச்சென்று போய்விட்டது, அதை மறைக்க எஞ்சினைப் பார்க்கப் போவதுபோல் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அவளுக்கு ஆறுதலாய் இருக்க வேண்டும் போல் இருந்தது, ஆனால் ஆறுதல் வரவில்லை. மேசையடிக் கதிரையில் இருந்தாள்.

யோகா அவளுடைய தட்டில் முழு நண்டு ஒன்றை வைத்தாள். எத்தனை வருடம். நண்டு அவசரத்தில் சாப்பிடுகிற சாப்பாடில்லை. இரண்டு கையும் வேண்டும், நேரம் வேண்டும், நடுவில் எழும்பி ஓடுகிறவளால் முடியாது. வீட்டில் அவள் குசினியில் நின்றபடி, ஒரு கையால், காதை அறைப் பக்கம் வைத்துக்கொண்டு, சோற்றையும் பருப்பையும் விழுங்குவாள். இப்போது காலைப் பிடுங்கி, பல்லால் உடைத்து, உறிஞ்சினாள். கறி உறைத்தது, பிளாஸ்ரருக்குள் போய் விரலை எரித்தது. நடுவில் இருந்த வெள்ளைத் தசையைச் சின்ன விரலால் தோண்டித் தோண்டி எடுத்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தயா ஏதோ சொல்ல யோகா மறுமொழி சொன்னாள், நாளைக்கு எந்த ஓடைக்குள் கூடு போடுவது என்று போலிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று, சொற்கள் தனித்தனியாய் வந்து, பிறகு சேர்ந்து ஒரு இரைச்சலாய்ப் போயின. கண் கனத்தது. கை கழுவ வேண்டும், கறி காய்ந்தால் மஞ்சள் போகாது. எழும்ப வேண்டும். கொஞ்சம் பொறுத்து எழும்பலாம். திங்கள் பத்து மணி, நீலச் சட்டை இரண்டு, கழுத்துப் பொத்தான் பூட்டாமல், கல்யாணப் படமும் வைக்கலாம், இடது பக்கம், கட்டிலுக்கு இடது. யாரோ தட்டை மெதுவாய் முன்னாலிருந்து எடுத்தார்கள். "நித்திரையாயிட்டா" என்று யோகா கிசுகிசுத்தது கேட்டது, இல்லை நித்திரையில்லை என்று சொல்ல நினைத்தாள், நான் முழிப்புத்தான், என்று. தயா எழும்பிப் போகிற காலடி. எஞ்சின் நின்றது. சத்தம் நின்ற இடத்தில் தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிறது கேட்டது, தட்டுகிறது, நிற்கிறது, தட்டுகிறது, பிறகு அதைக் கேட்கவும் ஆளில்லை.